அளவுகோலுக்கு எட்டாத உயரம்: வளர்ச்சி ஹார்மோன் சந்தையும் ஸ்ரீராம்புரத்தின் குழந்தைகளும்

பெங்களூரு மெட்ரோவின் பச்சை வழித்தடத்தில் சம்பிகே சாலை நிலையத்தை அடுத்து வருவது ஸ்ரீராம்புரம். சம்பிகே சாலையில் இன்று பளபளக்கும் வணிக வளாகம் நிற்கும் இடத்தில் ஒரு காலத்தில் ராஜா மில் இருந்தது. சற்றுத் தொலைவில் பின்னி மில். இந்த ஆலைகளின் சங்கொலிக்கு எழுந்து, வேலைக்குச் சென்று, தொழிற்சங்கக் கொடி ஏந்திய தமிழ்த் தொழிலாளர் குடும்பங்கள் நெருங்கி வாழ்ந்த பகுதி இது. ஆலைகள் மூடப்பட்டன, நிலங்கள் கைமாறின. மில் தொழிலாளியின் பேரன் இன்று உணவு விநியோகம் செய்கிறான், கட்டட வேலைக்குச் செல்கிறான், அல்லது காவலர் தேர்வுக்கு விண்ணப்பித்துவிட்டு ஜிம்மில் உடலைத் தேற்றுகிறான்.

கர்நாடகக் காவல்துறையில் ஆண் காவலர் பணிக்குப் பொதுவாகக் கோரப்படும் உயரம் 168 சென்டிமீட்டர். தமிழ்நாட்டில் இரண்டாம் நிலைக் காவலருக்கு 170. பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் 167. ஓட்டத்தில் முந்தி, எழுத்துத் தேர்வில் தேறிய பின்னரும், சுவரில் சார்த்திய அளவுகோலின் முன் இரண்டு சென்டிமீட்டரில் அரசு வேலையை இழக்கும் இளைஞர்கள் ஏராளம். நிரந்தர வேலை என்பதே அரிதாகிவிட்ட நாட்டில் அந்த இரண்டு சென்டிமீட்டர் ஒரு குடும்பத்தின் இருபதாண்டு வாழ்வைத் தீர்மானிக்கிறது. உயரம் வளர்க்கும் தூள், மாத்திரை, ஊசி என்று விற்பவனுக்கு இது நன்றாகவே தெரியும்.

அண்மை ஆண்டுகளில் இந்த வணிகத்தில் புதிதாக நுழைந்திருக்கும் சரக்கு பெப்டைடுகள். வளர்ச்சி ஹார்மோனை நேரடியாகச் செலுத்துவது செயற்கை, ஆபத்து. இந்தப் பெப்டைடோ உடலின் சொந்த ஹார்மோனை இயற்கையாகச் சுரக்கத் தூண்டும், எனவே தீங்கற்றது என்பது விற்பனைப் பேச்சு. சின்னஞ்சிறு குப்பியில் வெண்தூள். மேலே "ஆராய்ச்சிப் பயன்பாட்டிற்கு மட்டும்" என்ற ஒட்டுத்தாள். அந்த ஒட்டுத்தாள் சட்டத்தை ஏய்ப்பதற்கு. வாங்குபவன் ஆராய்ச்சியாளன் அல்லன் என்பது விற்பவனுக்கும் தெரியும், வாங்குபவனுக்கும் தெரியும். இதில் அறிவியல் எவ்வளவு, வணிகம் எவ்வளவு என்று பிரித்தறியாமல் "எல்லாம் மோசடி" என்று தள்ளிவிடுவது எளிது. ஆனால் அது சரியன்று. இந்த ஆராய்ச்சி உண்மையானது. அதன் வேர்களில் ஒன்று சென்னையிலும் பெங்களூருவிலும் பொதுப்பணத்தில் நடந்த அறிவியலில் இருக்கிறது.

மூளையின் அடியில் பட்டாணி அளவில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பியே வளர்ச்சி ஹார்மோனைச் சுரக்கிறது. அதற்கு மேலிருக்கும் ஹைப்போதலாமஸ் என்ற பகுதிதான் எப்போது சுரக்க வேண்டும், எப்போது நிறுத்த வேண்டும் என்று அதற்குக் கட்டளையிடுகிறது. இந்தக் கட்டளைப் பொருள்களைத் தேடி 1950களிலும் 60களிலும் அமெரிக்காவில் ரோஜர் கிலெமின், ஆண்ட்ரூ ஷாலி ஆகியோரின் ஆய்வகங்கள் போட்டி போட்டுக்கொண்டு உழைத்தன. இறைச்சிக்கூடங்களிலிருந்து லட்சக்கணக்கான ஆட்டு மூளைகளும் பன்றி மூளைகளும் வந்திறங்கின. அத்தனையையும் அரைத்து வடித்தபின் எஞ்சியது ஒரு மில்லிகிராம் அளவுப் பொருள். இருவரும் 1977இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர். வளர்ச்சி ஹார்மோனைத் தூண்டும் பொருளைத் தேடப் புறப்பட்ட கிலெமின் குழு 1973இல் கண்டெடுத்தது அதற்கு நேர் எதிரான, சுரப்பை அடக்கும் சொமட்டோஸ்டாட்டின். தூண்டும் பொருள் 1982இல்தான் பிடிபட்டது. அதுவும் மூளையிலிருந்து அன்று. கட்டுமீறிய வளர்ச்சி நோய்க்கு ஆளானவர்களின் கணையக் கட்டியிலிருந்து.

இதற்கிடையே நியூ ஆர்லியன்ஸ் நகரின் டுலேன் பல்கலைக்கழகத்தில் சிரில் பவர்ஸ் வேறொரு பாதையில் சென்றார். உடல் தானே உற்பத்தி செய்யும் வலிநீக்கிப் பெப்டைடு ஒன்றைச் சிறிது மாற்றியமைத்தபோது, அது வலியைப் போக்கும் தன்மையை இழந்து வளர்ச்சி ஹார்மோனைச் சுரக்கச் செய்ததை 1970களின் பிற்பகுதியில் அவர் கண்டார். அந்த முதல் பெப்டைடுகள் வலுவற்றவை. அவற்றை வலுவாக்க, எந்த அமினோ அமிலத்தை எங்கே வைத்தால் அந்தச் சங்கிலி எந்த வடிவில் மடங்கும் என்று முன்கூட்டியே கணக்கிட வேண்டியிருந்தது. கார்னெல் பல்கலைக்கழகத்தில் ஹரோல்ட் ஷெராகாவின் குழுவில் இக்கணக்கைப் பயின்ற ஃபிராங்க் மோமனி, பவர்ஸுடன் இணைந்தார். ஆறே அமினோ அமிலங்கள் கொண்ட ஜிஎச்ஆர்பி-6 என்ற பெப்டைடு அந்தக் கூட்டுழைப்பில் பிறந்தது. இன்று குப்பிகளில் விற்கப்படும் சரக்குகளில் பலவற்றுக்கு அதுவே மூதாதை.

பெப்டைடுச் சங்கிலி எந்தக் கோணங்களில் மடங்கலாம், எந்தக் கோணங்களில் மடங்கினால் அணுக்கள் ஒன்றோடொன்று முட்டிக்கொள்ளும் என்பதை உலகுக்கு முதலில் வரைபடமாக்கித் தந்தவர்கள் சென்னைப் பல்கலைக்கழகத்தின் ஜி.என்.ராமச்சந்திரன், சி.ராமகிருஷ்ணன், வி.சசிசேகரன் ஆகிய மூவர். ஆண்டு 1963. இன்றும் உலகின் எந்த மூலையில் ஒரு புரதத்தின் அமைப்பு கண்டறியப்பட்டாலும் அது சரியா என்று சோதிக்க ராமச்சந்திரன் வரைபடத்தில் வைத்துப் பார்க்கிறார்கள். அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன் தோலுக்கும் தசைநாணுக்கும் வலுவூட்டும் கொலாஜன் புரதத்தின் மூவிழை அமைப்பை கோபிநாத் கர்த்தாவுடன் சேர்ந்து அவர் முன்மொழிந்தபோது, ஆய்வுக்கான கங்காரு வால் தசைநாணைத் தந்தது சென்னையில் அரசு நிறுவியிருந்த மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனம். 1970களின் தொடக்கத்தில் ராமச்சந்திரன் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் மூலக்கூறு உயிரியற்பியல் துறையை நிறுவினார். பெப்டைடு ஆராய்ச்சியில் இந்தியாவுக்குப் பெயர் பெற்றுத் தந்த துறைகளில் அது ஒன்று. ஸ்ரீராம்புரத்திலிருந்து சில கிலோமீட்டர் தொலைவுதான். அக்கழகத்தின் மதில்களுக்குள் நடக்கும் அறிவியலும் வெளியே ஸ்ரீராம்புரத்துப் பையன் வாங்கும் குப்பியும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை என்பதை இரு தரப்பும் அறியா.

பவர்ஸின் பெப்டைடுகள் பிட்யூட்டரியில் எந்த ஏற்பியில் போய் ஒட்டுகின்றன என்பது நெடுநாள் புதிராக இருந்தது. 1996இல் மெர்க் நிறுவன ஆய்வாளர்கள் அந்த ஏற்பியைக் கண்டறிந்தனர். ஏற்பி இருக்குமானால் அதில் ஒட்டுவதற்கென்று உடலே சுரக்கும் பொருள் ஒன்றும் இருந்தாக வேண்டும் அல்லவா? 1999இல் ஜப்பானின் கோஜிமா, கங்காவா குழு அதைக் கண்டுபிடித்தது. மூளையில் அன்று, இரைப்பையில். கிரெலின் என்று பெயரிட்டனர். வயிறு காலியாகும்போது இரத்தத்தில் பெருகி, உணவு உண்டதும் குறையும் ஹார்மோன் அது. அதாவது, வளர்ச்சி ஹார்மோனைத் தூண்டும் இயற்கையான பெப்டைடு வேறெதுவுமன்று, பசியின் குரல்தான். பெப்டைடு வியாபாரிகள் தங்கள் விளம்பரங்களில் இந்தச் செய்தியைப் பெரிதாக்குவதில்லை.

"இயற்கையாகச் சுரக்கத் தூண்டும்" என்ற வாதத்தில் உண்மையின் ஒரு துண்டு இருக்கிறது. வளர்ச்சி ஹார்மோனை ஊசியில் ஏற்றினால் உடலின் கட்டுப்பாடுகள் மீறப்படுகின்றன. தூண்டும் பெப்டைடைக் கொடுத்தால் ஹார்மோன் அலையலையாகவே சுரக்கிறது. சொமட்டோஸ்டாட்டின் என்ற தடுப்பும் வேலை செய்துகொண்டிருக்கிறது. அதனால்தான் மருத்துவம் இதில் அக்கறை கொண்டது. செர்மோரெலின் என்ற பெப்டைடுக்கு, ஹார்மோன் குறைபாடுள்ள குழந்தைகளுக்காக 1997இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு ஒப்புதல் அளித்தது. எச்.ஐ.வி. நோயாளிகளுக்கு வயிற்றில் சேரும் கொழுப்பைக் குறைக்க 2010இல் டெசமோரெலின் வந்தது. பெரியவர்களிடம் ஹார்மோன் குறைபாட்டைக் கண்டறியும் சோதனைக்காக 2017இல் மசிமோரெலின் ஒப்புதல் பெற்றது. நாற்பதாண்டு உழைப்பின் பயனாக அங்கே ஒப்புதல் பெற்றவை இவ்வாறு விரல்விட்டு எண்ணக்கூடியவையே. ஒவ்வொன்றும் குறிப்பிட்ட நோய்க்கு, குறிப்பிட்ட நோயாளிக்கு. நலமாக இருக்கும் இளைஞனின் உயரத்துக்காகவோ தசைக்காகவோ எதுவும் ஒப்புதல் பெறவில்லை. செர்மோரெலினை அதன் உற்பத்தியாளர் 2008இல் சந்தையிலிருந்து விலக்கிக்கொண்டார். பாதுகாப்புக் குறையோ பயனின்மையோ காரணமன்று என்று கட்டுப்பாட்டு அமைப்பே பின்னர் பதிவு செய்தது. குழந்தைக்குப் பயன்பட்ட ஒரு மருந்து, விற்பவர் விரும்பாவிட்டால் காணாமற்போகும் என்பதற்கு இது ஒரு சான்று.

ஜிம் வட்டாரங்களில் பெயர்பெற்ற மற்றவற்றின் கதை என்ன? ஊசியின்றி வாய்வழியே உட்கொள்ளக்கூடியதாக மெர்க் உருவாக்கிய எம்கே-677, 60 வயதைக் கடந்தவர்களிடம் ஈராண்டு சோதிக்கப்பட்டது. முடிவுகள் 2008இல் வெளிவந்தன. கொழுப்பற்ற உடல் எடை ஒரு கிலோவுக்குச் சற்று மேல் கூடியது. ஆனால் வலிமை கூடவில்லை. இரத்தச் சர்க்கரை கூடியது. இடுப்பெலும்பு முறிந்த முதியோரிடம் நடந்த மற்றொரு சோதனை, இதயச் செயலிழப்பு குறித்த அச்சத்தால் இடையிலேயே நிறுத்தப்பட்டது. சிஜேசி-1295 என்ற பெப்டைடின் சோதனை, பங்கேற்ற நோயாளி ஒருவர் இறந்ததை அடுத்து 2006இல் நின்றது. மரணத்துக்கு மருந்து காரணமன்று என்று மருத்துவர் கருதினார், எனினும் அந்த மருந்து சந்தைக்கான ஒப்புதலை எட்டவேயில்லை. அமெரிக்கக் கட்டுப்பாட்டு அமைப்பு 2023இல் இப்பெப்டைடுகள் சிலவற்றை, மருந்தகங்கள் கலந்து தயாரிப்பதில் பாதுகாப்பு ஐயம் உள்ளவை என்ற பட்டியலில் சேர்த்தது. விளையாட்டுத் துறையில் இவை அனைத்தும் தடைசெய்யப்பட்டவை. தரம் அறியாத தூளை, கொதிக்க வைத்து ஆறவைத்த தண்ணீரில் கரைத்து, நண்பன் காட்டிய வழியில் வயிற்றுத் தோலில் குத்திக்கொள்ளும் இளைஞன் இந்தச் சோதனைகளைவிடப் பெரிய சோதனையில் பங்கேற்கிறான். அவனுக்கு ஒப்புதல் படிவமும் இல்லை, இழப்பீடும் இல்லை, முடிவை எழுதிவைப்பவரும் இல்லை.

உயரத்தைப் பொறுத்தவரை நிலைமை இன்னும் கொடிது. நீண்ட எலும்புகளின் முனைகளில் உள்ள வளர்தட்டுகள் பருவ வயதின் இறுதியில் மூடிக்கொள்கின்றன. அதன்பின் எந்த ஹார்மோனும், எந்தப் பெப்டைடும் எலும்பை நீட்டாது. அளவு மீறினால் தாடையும் கைகால்களும் தடிக்கும், அவ்வளவுதான். காவலர் தேர்வுக்கு விண்ணப்பிக்கும் வயதில் பெரும்பாலோருக்கு இந்தக் கதவு சாத்தப்பட்டிருக்கும். ஆக, 20 வயது இளைஞனிடம் உயரத்துக்கென்று பெப்டைடு விற்பது அறிவியலின் பெயரால் செய்யும் பச்சைத் திருட்டு. இந்தியாவில் இதைத் தடுக்கச் சட்டம் புதிதாக வேண்டியதில்லை. 1954ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் மந்திரத் தீர்வுகள் (ஆட்சேபகரமான விளம்பரங்கள்) சட்டத்தின் அட்டவணையில் மனிதரின் உயரமும் இடம்பெற்றிருக்கிறது. மருந்துகள் விதிகளின் ஜே அட்டவணையும் உயரம் கூட்டுவதாக எந்த மருந்தும் உரிமை கோரக் கூடாது என்கிறது. எழுபதாண்டுகளாகச் சட்டம் இருக்கிறது. சுவரொட்டியும் இருக்கிறது, கைப்பேசித் திரையில் விளம்பரமும் இருக்கிறது. மருந்து ஆய்வாளர் பணியிடங்களை நிரப்பாமல் வைத்திருக்கும் அரசுகள் சட்டத்தைக் காகிதமாகவே வைத்திருக்கின்றன.

சிறு வியாபாரியை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிவிட்டுப் பெருநிறுவனங்களைத் தப்பவிடுவதும் சரியன்று. மனித வளர்ச்சி ஹார்மோன் முதலில் இறந்தவர்களின் பிட்யூட்டரியிலிருந்து பிரித்தெடுக்கப்பட்டது. கிடைத்தது சொற்பம், உண்மையான குறைபாடுள்ள குழந்தைகளுக்கே போதவில்லை. அந்த மருந்தின் வழியே மூளையை அழிக்கும் கொடிய நோய் சிலருக்குப் பரவியது 1985இல் வெளிப்பட்டதும் அது கைவிடப்பட்டது. அதே ஆண்டு ஜெனென்டெக் நிறுவனம் மரபணுத் தொழில்நுட்பத்தில் தயாரித்த ஹார்மோன் சந்தைக்கு வந்தது. பற்றாக்குறை தீர்ந்தது. உடனே எழுந்த கேள்வி, நோயாளிகள் போதவில்லையே என்பது! ஒப்புதல் பெறாத பயன்பாடுகளுக்கு அந்த ஹார்மோனைத் தள்ளிவிட்ட குற்றத்தை 1999இல் நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டு 5 கோடி டாலர் கட்டியது ஜெனென்டெக். எச்.ஐ.வி. நோயாளிகளுக்கான வளர்ச்சி ஹார்மோன் மருந்தை முறைகேடாக விற்ற வழக்கில் 2005இல் செரோனோ கட்டியது 70 கோடி டாலருக்கும் மேல். 2003இல், எந்த நோயும் இல்லாத, வெறுமனே குட்டையாக இருக்கும் குழந்தைகளுக்கும் ஹார்மோன் கொடுக்க அமெரிக்கா அனுமதித்தது. குட்டையாக இருப்பதே நோயாயிற்று. 1990இல் 21 முதியவர்களை வைத்து, அவர்களில் 12 பேருக்கு மட்டும் ஹார்மோன் கொடுத்து நடந்த சிறு ஆய்வு ஒன்றைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, முதுமையை வெல்லும் மருந்து என்ற தொழிலே எழும்பி நின்றது. தெருமுனைக் குப்பி இந்தப் பேரங்காடியின் கடைசிக் கடை.

இந்த இடத்தில் ஸ்ரீராம்புரத்தின் குழந்தைகளிடம் திரும்ப வேண்டும். தேசியக் குடும்பநல ஆய்வின் ஐந்தாம் சுற்று (2019-21) சொல்லும் கணக்கு இது: இந்தியாவில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 35.5 விழுக்காட்டினருக்கு வயதுக்கேற்ற உயரம் இல்லை. கர்நாடகத்தில் 35.4. தமிழ்நாட்டில் 25. தகவல் தொழில்நுட்பத் தலைநகரைக் கொண்ட மாநிலம் நாட்டின் சராசரியிலேயே நிற்கிறது. ஆறு மாதம் முதல் இரண்டு வயது வரையிலான குழந்தைகளில் போதுமான உணவு பெறுவோர் நாடு முழுவதிலும் ஏறத்தாழ 11 விழுக்காடு மட்டுமே.

இந்தக் குழந்தைகளுக்கு வளர்ச்சி ஹார்மோன் குறைவா? இல்லை. 1960களில் தென்னாப்பிரிக்காவின் கேப் டவுனில் கடும் புரதக் குறைபாட்டால் வாடிய குழந்தைகளின் இரத்தத்தைச் சோதித்தபோது, வளர்ச்சி ஹார்மோன் குறைந்திருக்கவில்லை, மிகுந்திருந்தது. ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் ஆய்வாளர்களும் 1970களில் இதே கேள்வியை ஆராய்ந்தனர். பின்னர் வந்த ஆய்வுகள் காரணத்தைத் தெளிவாக்கின. ஹார்மோன் நேரடியாக எலும்பை வளர்ப்பதோடு நிற்பதில்லை; கல்லீரலைத் தூண்டி ஐஜிஎஃப்-1 என்ற இடைத்தூதனைச் சுரக்கவைத்து அதன் வழியாகவே பெரும்பகுதி வேலையைச் செய்கிறது. உணவில் புரதமும் ஆற்றலும் இல்லாதபோது கல்லீரல் அந்தக் கட்டளைக்குச் செவிசாய்க்காது. தூதன் வருவதில்லை. எனவே பிட்யூட்டரி மேலும் மேலும் ஹார்மோனைச் சுரக்கிறது. உடல் வளர்வதற்குப் பதில், இருக்கும் கொழுப்பைக் கரைத்து உயிரைக் காப்பாற்றிக்கொள்கிறது. பசித்த குழந்தையின் உடலில் கட்டளை உரக்கவே ஒலிக்கிறது. கட்டுவதற்குக் கல்லும் மண்ணும் இல்லை.

ஆகவே இந்தியாவின் குட்டையான குழந்தைகளில் மிகப் பெரும்பான்மையோருக்கு எந்தத் தூண்டும் பெப்டைடும் விடையாகாது. முட்டை, பால், பருப்பு, எண்ணெய், காய்கறி, நல்ல குடிநீர், கழிப்பிடம், இரத்தசோகை இல்லாத தாய் ஆகியவையே விடை. முதல் ஆயிரம் நாட்களில் இழந்த உயரத்தைப் பின்னாளில் முழுமையாக மீட்பது அரிது. காவலர் தேர்வின் அளவுகோல் முன் நிற்கும் இளைஞன் அந்த இரண்டு சென்டிமீட்டரை இழந்தது தேர்வு மைதானத்தில் அன்று. அவன் நடக்கப் பழகும் முன்பே, தாய் ஆயத்த ஆடைத் தொழிற்சாலைக்கு விரைந்த காலத்திலேயே இழந்திருக்கிறான். அதே அரசு அன்று முட்டை தரவில்லை, இன்று அளவுகோலை நீட்டுகிறது.

இந்தக் கணக்கையே மறுக்கும் கூட்டமும் உண்டு. 1980களில் டேவிட் செக்லர் என்ற அமெரிக்கப் பொருளியலாளர், இந்திய ஏழைகள் உருவில் சிறியவர்கள், ஆனால் நலமானவர்கள் என்று ஒரு கோட்பாட்டை முன்வைத்தார். சிறிய உடலுக்குச் சிறிய சோறு போதும் என்பதுதான் அதன் உட்பொருள். இதைக் கடுமையாக எதிர்த்தவர் சேலத்தில் பிறந்த ஊட்டச்சத்து அறிஞர் சி.கோபாலன். குன்றிய உடல் என்பது வறுமையின் தழும்பு, அதைத் தகவமைப்பு என்று புகழ்வது வறுமையை நிலைக்கவைக்கும் சூழ்ச்சி என்ற பொருளில் அவர் வாதாடினார். முப்பதாண்டுகள் கழித்து, பின்னாளில் நிதி ஆயோக்கின் துணைத் தலைவரான அரவிந்த் பனகாரியா, இந்தியக் குழந்தைகள் மரபிலேயே குட்டையானவர்கள், ஊட்டக்குறைவுக் கணக்கு மிகைப்படுத்தப்பட்டது என்று எழுதினார். உலக சுகாதார நிறுவனம் 2006இல் வெளியிட்ட வளர்ச்சி அளவுகோலுக்கு அடிப்படையான ஆறு நாடுகளில் இந்தியாவும் ஒன்று. தெற்கு தில்லியின் வசதியான குடும்பக் குழந்தைகள் நார்வே, பிரேசில், கானா, ஓமான், அமெரிக்கக் குழந்தைகளுக்கு நெருக்கமாகவே வளர்ந்திருந்தனர். மரபுக்கு வர்க்கம் தெரியுமா என்ன? தெற்கு தில்லியில் ஒரு மரபணுவும் ஸ்ரீராம்புரத்தில் வேறொரு மரபணுவும் இருக்க முடியாது.

அங்கன்வாடியில் ஒரு குழந்தையின் ஒரு நாள் கூடுதல் ஊட்டத்துக்கென 2017இல் ஒன்றிய அரசு நிர்ணயித்த தொகை 8 ரூபாய். கடும் ஊட்டக்குறைவுள்ள குழந்தைக்கு 12. இதற்குப் பின் முட்டை விலையும் பருப்பு விலையும் எங்கே போயின என்பதை எந்தக் குடும்பமும் அறியும். அங்கன்வாடி ஊழியருக்கு 2018இல் 4,500 ரூபாயாக நிர்ணயிக்கப்பட்டது ஒன்றிய அரசு வழங்கும் மதிப்பூதியம். ஊதியம் என்று சொன்னால் உரிமை வந்துவிடும் அல்லவா, எனவே மதிப்பூதியம். 2017 மார்ச்சில் ஆயிரக்கணக்கான அங்கன்வாடி ஊழியர்கள் பெங்களூருவின் சாலையில் இரவும் பகலும் அமர்ந்து போராடியது நகரத்துக்கு இன்னும் நினைவிருக்கும். அவர்களுக்குப் பணிக்கொடை உரிமை உண்டு என்று 2022 ஏப்ரலில் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. குழந்தையின் உயரத்தை மாதந்தோறும் அளந்து பதிவேட்டில் குறிப்பவர்கள் அவர்கள்தான். நாட்டில் வளர்ச்சி குறித்த மிகப் பெரிய ஆய்வகம் அங்கன்வாடி என்றால் அது மிகையன்று.

கர்நாடகத்தில் பள்ளி மதிய உணவில் முட்டை நுழைந்த கதை தனியே எழுதத்தக்கது. தமிழ்நாட்டில் 1989லேயே தொடங்கி, 2010க்குள் வாரம் ஐந்து என்றான முட்டை, கர்நாடகத்தின் பின்தங்கிய மாவட்டங்களுக்கு 2021 இறுதியில்தான் வந்தது. மடாதிபதிகள் சிலர் எதிர்த்தனர். முட்டை வேண்டும் என்று பள்ளி மாணவிகளே வெளிப்படையாக வாதிட்டனர். பின்னர் மாநிலம் முழுவதற்கும் விரிவாகி, 2024இல் ஒரு தனியார் அறக்கட்டளையின் நிதியோடு வாரம் ஆறு நாள் என்றானது. குழந்தைகள் முட்டை உண்பது மகிழ்ச்சிக்குரியது. ஆனால் ஒரு மாநில அரசு தன் குழந்தைகளுக்கு முட்டை தரக் கோடீசுவரரின் கொடையை எதிர்பார்க்கும் நிலை எப்படி வந்தது என்ற கேள்வி எஞ்சுகிறது. கொடை மூன்றாண்டுகளுக்கு, குழந்தைகள் தொடர்ந்து பிறந்துகொண்டிருப்பார்கள்.

உண்மையான ஹார்மோன் குறைபாட்டோடு பிறக்கும் குழந்தைகளும் இருக்கிறார்கள், எண்ணிக்கையில் சிலர். அவர்களுக்கு ஊட்டம் மட்டும் போதாது. பருவ வயதின் இறுதி வரை ஏறத்தாழ ஒவ்வொரு நாளும் ஊசி வேண்டும். குழந்தை வளர வளர எடைக்கேற்ப மருந்தின் அளவும் செலவும் கூடும். மாதம் பல ஆயிரம் ரூபாய் என்பது கூலித் தொழிலாளியின் வீட்டில் நடவாத காரியம். 2021ஆம் ஆண்டின் அரிய நோய்களுக்கான தேசியக் கொள்கை, நிரூபிக்கப்பட்ட வளர்ச்சி ஹார்மோன் குறைபாட்டையும் தன் பட்டியலில் சேர்த்திருக்கிறது. 2022இல் நோயாளி ஒருவருக்கு 50 லட்சம் ரூபாய் வரை உதவி என்று உயர்த்தப்பட்டது. பெங்களூருவில் இதற்கான மையம் மனித மரபியல் மையமும் இந்திரா காந்தி குழந்தைகள் மருத்துவமனையும் சேர்ந்தது. இந்தத் திட்டம் இருப்பதே பெரும்பாலான குடும்பங்களுக்குத் தெரியாது. வகுப்பில் எப்போதும் முதல் வரிசையில் நிற்கும் குழந்தை, ஆண்டுக்கு நான்கு சென்டிமீட்டர்கூட வளராத குழந்தை இருந்தால், ஹார்மோன் குறைபாடா, தைராய்டா, குடல் நோயா, வெறும் பசியா என்று எலும்பு வயதையும் இரத்தத்தையும் சோதித்துச் சொல்ல வேண்டியது அரசு மருத்துவமனை. அந்த வழியைக் காட்டுவது பகுதியில் வேலை செய்யும் தோழர்களால் இயலும் காரியம். அந்த வழி தெரியாத தாய்தான் உயரத் தூள் விற்பவனிடம் போகிறாள்.

ஸ்ரீராம்புரத்தில் ஏறி அதே பச்சை வழித்தடத்தில் சென்றால் பீன்யா வரும். அங்கே கர்நாடக ஆன்டிபயாடிக்ஸ் அண்டு ஃபார்மாசூட்டிகல்ஸ் என்ற பொதுத்துறை மருந்து நிறுவனத்தின் ஆலை இருக்கிறது. ஒன்றிய அரசுக்கு 59 விழுக்காடு, மாநில அரசின் பங்கு 41. இலாபம் ஈட்டும் இந்த நிறுவனத்தையும் மோடி அரசு தனியாருக்கு விற்கும் பட்டியலில் வைத்தது. பெப்டைடு அறிவியலில் உலகத்தரம் வாய்ந்த கழகம் ஒரு பக்கம், மருந்து தயாரிக்கும் பொதுத்துறை ஆலை மறு பக்கம், நடுவே வளர்ச்சி குன்றிய குழந்தைகளின் வீடுகள். ஒரே நகரத்தின் ஒரே இரயில் பாதையில். குறைபாடுள்ள குழந்தைகளுக்கான ஹார்மோனைப் பொதுத்துறையில் தயாரித்து அரசு மருத்துவமனைகளில் இலவசமாகத் தருவது தொழில்நுட்பத்தால் இயலாததன்று. அதற்கான திட்டத்தை மாநில அரசின் 41 விழுக்காடு உரிமையைக் கொண்டே கேட்கலாம். ஆலையின் தொழிற்சங்கமும் அங்கன்வாடி ஊழியர் சங்கமும் ஒரே மனுவில் கையெழுத்திட்டால், அதை முதல்வரின் மேசைக்குக் கொண்டுசெல்ல விதான சௌதா அதிகத் தொலைவில் இல்லை.